அமிட்ரிப்டிலின் 25: இரவுக் குளிசைக்கு ஒரு மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நரம்பு நோவுக்கும், திரும்பத் திரும்ப வரும் ஒற்றைத் தலையிடியைத் தடுப்பதற்கும் அமிட்ரிப்டிலின் நல்ல மருந்து. இந்த விலைக்கு இவ்வளவு வேலை செய்யும் குளிசைகள் அதிகம் இல்லை. மனச்சோர்வுக்கு இன்று இது இரண்டாம் தெரிவுதான். முதியவர்களுக்கும் இதய வருத்தம் உள்ளவர்களுக்கும் யோசித்துத்தான் எழுத வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டிலோ, உயிரை மாய்க்கும் எண்ணத்தோடு ஒருவர் இருக்கும் வீட்டிலோ இதை மாதக்கணக்கில் சேர்த்து வைப்பது ஆபத்து.

திருகோணமலைப் பக்கத்தில் மருந்து கொடுக்கும் மேசைக்கு உள்ளே நிற்பவர்களின் பார்வையில் இதை எழுதுகிறோம். இங்கே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் அளவு உங்கள் கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதியதுதான்.

அமிட்ரிப்டிலின் குடும்பத்து மருந்துகளின் மூலக்கூறில் மூன்று வளையங்கள் ஒட்டியிருக்கும். முதலில் வந்தது இமிப்ரமின். 1950களில் சுவிட்சர்லாந்தின் கைகி கம்பனி அதை மனச்சிதைவு நோய்க்காகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னது. அந்த நோய்க்கு அது உதவவில்லை, ஆனால் சோர்ந்து கிடந்தவர்கள் எழும்பி நடமாடுவதை ரோலண்ட் குன் என்ற மனநல வைத்தியர் கவனித்தார். அமிட்ரிப்டிலின் 1961இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கிறது. வரலாறு இவ்வளவு போதும்.

வேலை செய்யும் விதத்தை மட்டும் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் அங்கேதான் தொடங்குகின்றன. செரோடோனின், நோர்அட்ரினலின் என்ற இரண்டு இரசாயனங்கள் நரம்பு முனைகளால் திரும்ப உறிஞ்சப்படுவதை இது தடுக்கிறது. மனநிலையும் நோவும் சீராவது அதனால்தான். ஆனால் கரைவலையில் சூடை மீனுக்கு இழுத்தால் கடல் சொறியும் (ஜெலி மீன்) சேர்ந்து வருவதுபோல, இந்தக் குளிசை வேறு பல இடங்களிலும் கை வைக்கும். ஹிஸ்டமினைத் தடுப்பதால் நித்திரையும் பசியும் கூடும். அசிட்டைல்கோலினைத் தடுப்பதால் வாய் காயும், மலம் இறுகும், சலம் தடைப்படும், கிட்டப் பார்வை மங்கும். இரத்தக்குழாய்களைத் தளர்த்துவதால் எழும்பும்போது தலை சுற்றும். அளவு மீறினால் இதயத் தசையின் சோடியம் வாயில்களையும் அடைக்கும். உயிருக்கு ஆபத்து வருவது இந்தக் கடைசி இடத்தில்.

இனிப் பொருளைப் பார்ப்போம். 10, 25, 50 மில்லிகிராம் அளவுகளில் மேற்பூச்சு உள்ள குளிசையாக வருகிறது. அரச வைத்தியசாலைகளில் பொதுவாகக் கையில் கிடைப்பது 25. நிறத்தையும் வடிவத்தையும் வைத்து இதை அடையாளம் காணக்கூடாது. கம்பனிக்குக் கம்பனி அவை மாறும், ஒரே வைத்தியசாலையில் இந்த மாதம் ஒரு நிறமும் அடுத்த மாதம் இன்னொரு நிறமும் வரலாம். பெயரையும் மில்லிகிராமையும் வாசித்த பிறகே வாயில் போடுங்கள். அரச மருந்தகத்தில் தகரப் பேணியிலிருந்து எண்ணிக் கடதாசி உறையில் போட்டுத் தந்தால், உறையில் பெயரும் அளவும் எழுதியிருக்கிறதா என்று மேசையை விட்டு நகருமுன் பாருங்கள். வெறுமனே “இரவு 1” என்று மட்டும் இருந்தால் பெயரையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. நாளைக்கு அவசரப் பிரிவில் ‘என்ன குளிசை போட்டார்?’ என்று கேட்கும்போது பதில் அந்த உறையில்தான் இருக்கும்.

டொக்டர் 10 எழுதி, கிடைப்பது 25 மட்டும் என்றால் பாதியாக உடைத்தால் 12.5 வரும். பலருக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல, ஆனாலும் எழுதியவரிடம் கேட்டுவிட்டே உடையுங்கள். மேற்பூச்சு உடைந்தால் கைப்பு நாக்கில் ஏறும், கொஞ்ச நேரம் நாக்கு விறைத்ததுபோலவும் இருக்கும். உடைத்த துண்டை உடனே நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். மீதிப் பாதியை ஈரமில்லாத மூடிய டப்பாவில் வைத்து அடுத்த இரவே முடித்துவிடுவது நல்லது. காற்பங்காக உடைப்பதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை, அதில் அளவு சரியாக வராது.

பெயர் குழப்பம் ஒன்றும் உண்டு. இதே குடும்பத்தைச் சேர்ந்த குளோமிப்ரமின், மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோர்ப்ரோமசின், பிள்ளைப்பேற்றுக்காகக் கொடுக்கும் குளோமிஃபீன் ஆகிய மூன்றும் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். குழந்தைக்காகச் சிகிச்சை பெறும் பெண்ணுக்கு மனச்சோர்வுக் குளிசை போய்ச் சேர்ந்தால் அது பெரிய பிழை. எதற்காக இந்தக் குளிசை என்று பாமசியில் ஒரு வார்த்தை கேட்டாலே இந்தப் பிழை பிடிபடும்.

அளவு வருத்தத்தைப் பொறுத்து மாறும். சீனி வருத்தத்தில் பாதம் எரிவது, அக்கியின் பிறகு தோலில் நிற்கும் நோவு, ஒற்றைத் தலையிடித் தடுப்பு ஆகியவற்றுக்கு இரவில் 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குவார்கள். தாங்கினால் 3 முதல் 7 நாளுக்கு ஒருமுறை 10 அல்லது 25 கூட்டுவார்கள். பெரும்பாலும் 25க்கும் 75க்கும் இடையில் நின்றுவிடும். மனச்சோர்வுக்கு அளவு இதைவிடக் கூட. வளர்ந்தவர்களுக்கு வழமையாக நாளொன்றுக்கு 50இல் தொடங்கிப் படிப்படியாக 150 வரை போகலாம். முதியவர்களுக்கு 10 முதல் 25இல் தொடங்க வேண்டும். ஆகவே உங்கள் கொப்பியில் 10 என்றும் பக்கத்து வீட்டுக்காரரின் கொப்பியில் 100 என்றும் இருந்தால் ஒருவரின் டொக்டர் பிழை விட்டார் என்று அர்த்தமில்லை. நோவுக்காக இதை வாங்கியவர் ‘எனக்கு மனநோய் மருந்து எழுதிவிட்டார்கள்’ என்று குளிசையை ஒளித்து வைப்பதும் தேவையில்லாத வேலை.

நேரத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். படுக்கையில் சரிந்த பிறகு போட்டால் மருந்தின் உச்சம் விடியற்காலையில் விழும். காலை எட்டு மணிக்கும் தலை பாரமாக இருக்கும். நித்திரைக்கு ஒன்று இரண்டு மணித்தியாலம் முன்னால் போட வேண்டும். பத்து மணிக்குப் படுப்பவருக்கு எட்டு மணி சரி. அப்படியும் காலையில் மயக்கம் நின்றால் ஏழு மணிக்கு முன்தள்ளிப் பார்க்கலாம். சாப்பாட்டோடும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம்.

கடல் தொழிலுக்கு இந்த நேரக் கணக்குப் பொருந்தாது. பின்னேரம் வள்ளம் தள்ளி விடிய வருபவர் இரவு எட்டு மணிக் குளிசையோடு கடலில் நிற்க முடியாது. தொழில் நேரத்தை டொக்டரிடம் சொல்லுங்கள். கரைக்கு வந்து படுக்கும் நேரத்துக்கு ஏற்றபடி அவர் மாற்றித் தரலாம், அல்லது வேறு மருந்தே எழுதலாம். சொல்லாமல் விட்டால் ‘இரவு’ என்றுதான் எழுதுவார். ஓட்டோ, பஸ், லொறி ஓட்டுபவர்களும் இப்படியே. குளிசை தொடங்கிய முதல் கிழமையும், அளவு கூட்டிய ஒவ்வொரு முறையும், காலையில் தலை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியைத் தொட வேண்டும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் விடியப்புறத்தில் யானை நிற்கும் வீதியில், அரை நித்திரையில் ஒருவர் வண்டி ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர், தோப்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் கேள்வி: ‘விட வேணுமா?’ வேண்டியதில்லை. நாளுக்கு ஒருமுறை இரவில் போடுகிற மருந்து என்பதால் நோன்போடு மோதாது. தராவீஹ் தொழுகை முடிந்து வந்ததும் போடலாம். இரண்டு வேளையாக எழுதப்பட்டிருந்தால் மட்டும் ஒரே வேளையாக்கலாமா என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பகலில் வாய் மற்றவர்களைவிட அதிகம் காயும், மலமும் இறுகும். நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சஹருக்கு எழும்பும்போது கட்டிலில் இருந்து ஒரே வீச்சில் எழும்பக்கூடாது. கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் ஆறு நாளும் இளநீரோடு மட்டும் இருப்பவர் முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போது குணம் தெரியும்? நித்திரை முதல் இரவே வரும். நோவு குறைய ஒன்று இரண்டு கிழமை பிடிக்கும், முழுப் பலனும் தெரிய ஆறு எட்டுக் கிழமை கூட ஆகலாம். மனச்சோர்வு தெளிய இரண்டு முதல் நாலு கிழமை. பக்கவிளைவு முதல் நாளிலேயே வந்துவிடும், பலன் பிந்தி வரும். இந்த இடைவெளியில்தான் ஆட்கள் குளிசையைக் கைவிடுகிறார்கள். இன்னொரு பிழை, நித்திரை வராத நாளில் மட்டும் போடுவது. அப்படிப் போட்டால் நோவுக்கும் மனதுக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை, பக்கவிளைவு மட்டும் மிஞ்சும்.

தொடக்கக் கிழமைகளில் வீட்டார் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 25 வயதுக்குக் குறைந்தவர்களில் மனச்சோர்வு மருந்து தொடங்கும்போதும் அளவு மாறும்போதும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். திடீரென்று அந்தரம், எரிச்சல், ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்ற கதை வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். மாறாக, நித்திரையே இல்லாமல் ஓயாத கதையும் செலவும் பெரிய பெரிய திட்டங்களுமாக ஆள் பறந்தால், அது மனநிலை மறுபக்கம் கவிழ்வதன் அறிகுறி. அதையும் அன்றைக்கே மனநலப் பிரிவுக்குத் தெரிவியுங்கள்.

பக்கவிளைவுகளில் வாய் காய்வதை எல்லோரும் சின்ன விடயமாக எடுக்கிறார்கள். அதற்காக டொஃபி சூப்புவதும் சீனி போட்ட பிளேன்டீயை நாளெல்லாம் குடிப்பதும் பல்லைத் தின்றுவிடும். உமிழ்நீர் குறைந்த வாயில் சூத்தை வேகமாக விழும். சீனி இல்லாத சுவிங்கம், அடிக்கடி ஒரு மிடறு வெறும் தண்ணீர், புளோரைட் பற்பசை: இவைதான் வழி. வெற்றிலை போட்டு வாயை நனைப்பவர்களுக்கு ஒரு சொல். வாய் நனையும் என்பது உண்மை, பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய் தரும் என்பதும் உண்மை.

மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே ஆயத்தம் செய்ய வேண்டும். கீரை, பப்பாசி, வாழைப்பழம், தண்ணீர். அதோடு சரிவராவிட்டால் இசப்கோல் அல்லது லக்டியுலோஸ். இசப்கோலைத் தண்ணீர் குறைத்துக் குடித்தால் உள்ளே போய் இன்னும் இறுகும். வயிறு ஊதி, காற்றும் போகாமல், சத்தியும் வந்தால் அது வீட்டு வைத்தியத்துக்குரியது அல்ல. இரும்புச்சத்துக் குளிசையும் கோடீன் சேர்ந்த நோவுக் குளிசையும் கூடவே போட்டால் மலம் இரட்டிப்பாக இறுகும்.

தலைச்சுற்று முதியவர்களை விழுத்தும். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் கழிப்பறை வெளியில் இருக்கிறது. நடு இரவில் எழும்பி, இருட்டில் படியிறங்கி, முற்றத்தைத் தாண்டிப் போகிறவரின் இடுப்பெலும்புதான் உடைகிறது. எழும்பியதும் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் இருக்க வேண்டும். டோர்ச் தலைமாட்டில் இருக்க வேண்டும். முடிந்தால் படுக்குமுன் சலம் கழித்துவிட வேண்டும். பிரஷர் குளிசையும் சலம் போகும் குளிசையும் சேர்த்துப் போடுபவர்களுக்கு ஆபத்துக் கூட. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பவர்களும் கவனம். சுடுநீர் இரத்தக்குழாய்களை மேலும் விரிக்கும், குனிந்து வாளி அள்ளி நிமிரும்போது கண் இருட்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயிலில் நின்று வேலை செய்பவர்களில் சிலருக்கு வியர்வை கூடும், சிலருக்குக் குறையும். உடல் சூடேறித் தலை கிறுகிறுத்தால் நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். சமாளிப்போம் என்று நிற்கக்கூடாது.

இவை தவிர நான்கு அடையாளங்களை அப்படியே மனதில் வைத்திருங்கள். சலம் முட்டியும் போகவில்லை. கண் சிவந்து குத்தி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. நெஞ்சு படபடத்து மயக்கம் வருகிறது. நல்லாயிருந்த முதியவர் திடீரென்று ஆளை மாறிச் சொல்லி, இல்லாததைக் கண்டு கதைக்கிறார். இதில் எது வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். கடைசியாகச் சொன்னதைச் சிலர் ‘வயசு போனதால்’ என்று விட்டுவிடுகிறார்கள், சிலர் பேய் என்று நூல் கட்டுகிறார்கள். புதிதாகத் தொடங்கிய அல்லது அளவு கூட்டிய குளிசையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இந்த மருந்தின் பெரிய குறை மற்றக் குளிசைகளோடு ஒத்துப்போகாதது. தடிமனுக்கு எல்லோர் வீட்டிலும் இருக்கும் பிரிட்டன் குளிசை (குளோர்பெனிரமின்) அமிட்ரிப்டிலினோடு சேர்ந்தால் மயக்கமும் வாய் வறட்சியும் சலத்தடையும் கூடும். நித்திரை வரவைக்கும் இருமல் பாணியும் வயிற்றுக்கொதிக்குப் போடும் ஹயோசினும் அதே கூட்டம். சத்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோனும் ஒண்டான்செட்ரோனும், சளிக்குக் கொடுக்கும் கிளரித்ரோமைசினும் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை இதுபோலவே நீட்டக்கூடியவை, சேர்ந்தால் துடிப்புக் குழம்பலாம். டிரமடோல் கூடவே போனால் வலிப்பும், செரோடோனின் மிகையும் வரலாம். நடுக்கம், வியர்வை, காய்ச்சல், வயிற்றோட்டம், குழப்பம் சேர்ந்து வந்தால் அந்த மிகைதான் என்று சந்தேகியுங்கள். ஃபுளுஒக்சிட்டின் தனி வழக்கு. ஈரல் அமிட்ரிப்டிலினை உடைப்பதை அது தடுப்பதால், குளிசையின் எண்ணிக்கை மாறாமலே இரத்தத்தில் அளவு ஏறிவிடும். ஃபுளுஒக்சிட்டினை நிறுத்தி ஐந்து கிழமை வரை கூட அதன் தாக்கம் உடம்பில் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது டொக்டர் இடைவெளி விடச் சொன்னால் காரணம் இதுதான்.

பல் பிடுங்கப் போனாலும், சத்திரசிகிச்சைக்குப் போனாலும் முதலில் இந்தக் குளிசையின் பெயரைச் சொல்லுங்கள். விறைப்பூசியில் சேரும் அட்ரினலினின் வேகம் இதோடு கூடலாம். சாராயமும் கள்ளும் வேண்டாம். ‘ஒரு கிளாஸ் தானே’ என்பவருக்கு அன்று இரவு மூச்சும் மந்தமாகலாம்.

இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் குளிசை அட்டைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே அமிட்ரிப்டிலினோடு குளோர்டயசெபொக்சைட் சேர்ந்த கூட்டுக் குளிசை பரவலாக விற்கிறது. அந்த இரண்டாவது சரக்கு பழக்கமாகிவிடும் ரகம், திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரும். அதைத் தனி அமிட்ரிப்டிலின் என்று நினைத்துப் போடாதீர்கள். மெலிட்ரசினும் ஃபுளுபென்திக்சோலும் சேர்ந்த சின்னக் குளிசை ஒன்றும் பதற்றத்துக்கு எழுதப்படுகிறது. மெலிட்ரசினும் இதே மூன்று வளையக் குடும்பம். ஒரு டொக்டர் அதையும் இன்னொருவர் அமிட்ரிப்டிலினையும் எழுதினால் ஒரே குடும்பத்து மருந்தை இருமுறை விழுங்குகிறீர்கள். தனியார் கிளினிக்குக்குப் போகும்போதும் அரச கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத் துடிப்பில் தடையோ ஒழுங்கின்மையோ உள்ளவர்கள் இதைத் தொடங்கக்கூடாது. வயது போனவர்களுக்கும் இதய வருத்தம் உள்ளவர்களுக்கும் தொடங்குமுன் ஒரு ஈசிஜி எடுப்பதை நாங்கள் அவசியம் என்றே சொல்வோம். கொப்பியில் ஈசிஜி குறிப்பு இல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். வலிப்பு, ஆண்களில் சலப்பைக்குக் கீழுள்ள சுரப்பியின் (புரொஸ்டேட்) வீக்கம், கோணம் அடைபடும் வகைக் கண் அழுத்தம் (குளுக்கோமா), ஈரல் வருத்தம் இருந்தாலும் சொல்ல வேண்டும். கர்ப்பமானால் தானாக நிறுத்தக்கூடாது. உடனே கிளினிக்குக்குப் போய்க் கேட்டு முடிவெடுக்க வேண்டும். சீனி வருத்தக்காரர்களுக்கு ஒரு சொல்: குளிசை பாதத்தின் எரிவை அடக்கும், மரத்துப்போன நரம்பைத் திருப்பித் தராது. எரிவு போய்விட்டது என்று செருப்பில்லாமல் கடற்கரை மணலில் நடந்தால் குத்தியது தெரியாது. ஒவ்வொரு இரவும் குளிசை போடும் நேரத்திலேயே இரண்டு பாதங்களையும் பார்த்துவிடுங்கள்.

வைத்திருக்கும் இடத்துக்கு வருவோம். கடதாசி உறை சின்னப் பிள்ளைக்கு ஒரு தடையே இல்லை. உறையோடு சேர்த்து மூடி இறுகும் டப்பாவில் போட்டு, பூட்டுள்ள அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். அடுப்படி, சாமித்தட்டு, பிரிட்ஜின் மேல், மோட்டார் சைக்கிள் பெட்டி எதுவும் சரியில்லை. வெக்கையும் கடற்காற்றின் ஈரமும் குளிசையைப் பழுதாக்கும். நாக்குக்கு இனிப்பாக இல்லாவிட்டாலும் நிறமுள்ள குளிசையைப் பிள்ளை மிட்டாய் என்றே நினைக்கும், ஒன்றிரண்டு குளிசையே சின்னக் குழந்தைக்கு ஆபத்தாகலாம். மனச்சோர்வு கடுமையாக உள்ளவருக்கு ஒரு கிழமைக்குரியதை மட்டும் தரும்படி டொக்டரிடமும் மருந்தகத்திலும் கேட்கலாம். புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ கிழமைக்கு ஒருமுறை வருவது கஷ்டம் என்றால், மாத மருந்தை வாங்கி வீட்டில் பொறுப்பான ஒருவர் பூட்டி வைத்து அன்றாடம் ஒன்றை எடுத்துக் கொடுக்கட்டும். நிறுத்திய பிறகு மிஞ்சியதை ‘பிறகு தேவைப்படும்’ என்று வைக்காமல் மருந்தகத்திடம் திருப்பிக் கொடுங்கள்.

யாராவது அளவுக்கு மீறிப் போட்டுவிட்டால், அல்லது பிள்ளை எடுத்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால்கூட, 1990 அம்பியுலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், அல்லது கிட்ட இருக்கும் வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோங்கள். பெரியாஸ்பத்திரி வரை போய்த்தான் ஆக வேண்டும் என்று தூரம் ஓட வேண்டாம். கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று எது கிட்டவோ அங்கே போங்கள், தேவைப்பட்டால் அவர்களே மாற்றி அனுப்புவார்கள். ஆள் நல்லாகத்தான் கதைக்கிறார் என்று நம்பி வீட்டில் இருத்த வேண்டாம். முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் நிலைமை சடுதியாக மாறும், மயக்கம், வலிப்பு, துடிப்புக் குழப்பம் ஒன்றன்பின் ஒன்றாக வரலாம். விரல் விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ சத்தி எடுக்க வைக்காதீர்கள், மயங்கினால் அது சுவாசப்பைக்குள் போய்விடும். மயங்கியவரை இடப்பக்கம் சரித்துக் கிடத்துங்கள். குளிசை அட்டைகளையும் வெறும் உறைகளையும் பொறுக்கிக் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்து, சோடியம் பைகாபனேட் ஏற்றுவார்கள். நேரத்தோடு போனால் காப்பாற்றக்கூடிய நஞ்சேற்றம் இது. சாக வேண்டும்போல் எண்ணம் வருகிறவர்களும் அவர்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

ஒரு இரவு மறந்துவிட்டால், நடு இரவில் ஞாபகம் வந்தாலும் காலையில் ஞாபகம் வந்தாலும் அதை விட்டுவிடுங்கள். அடுத்த இரவு வழமையான அளவு. இரண்டாகப் போடக்கூடாது.

நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இது வெறி ஏற்றிப் பழக்கமாக்கும் மருந்தல்ல, ஆனாலும் கிழமைக்கணக்கில் போட்டதைத் திடீரென்று விட்டால் ஓங்காளம், தலையிடி, வியர்வை, நித்திரையின்மை, கெட்ட கனவு, தடிமன் வந்ததுபோல உடம்பு உளைவு எல்லாம் வரும். அதைப் ‘பழைய வருத்தம் திரும்பிவிட்டது’ என்று நினைத்து மறுபடி தொடங்குகிறார்கள். குறைந்தது நாலு கிழமையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 75இல் இருப்பவர் 50, 25, 10 என்று இறங்குவது ஒரு மாதிரி, உங்களுக்குரிய படிகளை டொக்டர் எழுதுவார். மனச்சோர்வுக்குப் போடுபவர் சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும்.

மாற்று என்ன? குடும்பத்துக்குள்ளேயே நோர்ட்ரிப்டிலின் இருக்கிறது. மயக்கமும் வாய் வறட்சியும் அதில் குறைவு, ஆனால் எல்லா மருந்தகத்திலும் கிடைக்காது, அளவு மீறினால் ஆபத்து அதிலும் உண்டு. மனச்சோர்வுக்கு மட்டும் என்றால் செர்ட்ராலின் போன்ற பிந்திய தலைமுறைக் குளிசைகள் அளவு மீறினாலும் உயிராபத்துக் குறைந்தவை. அவற்றை முதல் தெரிவாக எழுதும் டொக்டர்தான் சரி என்பது எங்கள் அபிப்பிராயம். நரம்பு நோவுக்கு டியுலொக்சிட்டின், கபபென்டின், பிரிகபலின் மாற்றாகும், கைக்காசு கூடப் போகும், அவற்றுக்கும் தனிப் பக்கவிளைவு உண்டு. பிள்ளைகள் படுக்கையில் சலம் போவதற்கு இந்தக் குடும்பத்து மருந்தை எழுதுவது பழைய வழக்கம். படுக்கை நனைந்தால் ஒலித்து எழுப்பும் அலாரம் முறையும் மற்ற மருந்துகளும் சரிவராத பிறகே, ஆறு வயதுக்கு மேலே, விசேட வைத்தியரின் மேற்பார்வையில் மூன்று மாதத்துக்கு மேற்படாமல் கொடுக்க வேண்டியது அது. அக்கா பிள்ளைக்கு எழுதிய குளிசையைத் தங்கச்சி பிள்ளைக்கும் கொடுத்துப் பார்ப்பதை எந்த நிலையிலும் ஏற்கமாட்டோம்.

கிளினிக் நாள் போயா அல்லது விடுமுறையில் விழுந்தால் குளிசை முடிந்து இடைவெளி வரும். கையில் ஐந்து நாளைக்குரியது மிஞ்சும்போதே அடுத்ததை ஒழுங்குபடுத்துங்கள். டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமல் எந்தப் பாமசியும் இதைத் தரக்கூடாது, தரும் பாமசியைக் கெட்டிக்காரப் பாமசி என்று புகழவும் கூடாது. நல்ல மருந்தகம் எது என்று கேட்டால் எங்கள் அளவுகோல் இதுதான்: குளிசையை நீட்டுமுன் ‘வேறென்ன குளிசை போடுறீங்கள்? இதய வருத்தம் இருக்கோ? வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கோ?’ என்று இந்த மூன்றையும் கேட்கிற இடம். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.